இணையத் தடையைத் தாண்ட உதவுபவரின் பொறுப்பு என்ன?

தடைசெய்த தளங்களை வேறொரு சர்வர் வழியாகத் திறக்க உதவும் விபிஎன், ப்ராக்ஸி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஈரானில் மக்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபில்டர்ஷேகன்'. வடிகட்டியை உடைப்பது என்று பொருள். 2009 ஜூன் 12-ல் நடந்த அதிபர் தேர்தலில் முறைகேடு நடந்ததாகச் சொல்லி மக்கள் தெருவில் இறங்கியபோது, உடைக்கும் கருவியைச் செய்து தருகிறோம் என்று வெளிநாடுகளிலிருந்து பலர் முன்வந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆஸ்டின் ஹீப் அவர்களில் ஒருவர். அவருடைய குழு அறிவித்த மென்பொருளின் பெயர் ஹேஸ்டாக், அதாவது வைக்கோற்போர். தடைசெய்த தளத்துக்குப் போகும் தரவை, யாரும் கவனிக்காத சாதாரணத் தளங்களுக்குப் போவதுபோல உருமாற்றிக் காட்டும் என்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. ஈரானுக்கு அதை அனுப்ப 2010-ல் அமெரிக்க அரசு ஏற்றுமதி உரிமமும் கொடுத்தது.

மூலநிரலை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் தணிக்கையாளர்களும் படித்துவிடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். 2010 செப்டம்பரில் பாதுகாப்பு வல்லுநர்கள் சிலரின் கைக்கு ஒரு பிரதி வந்தது. சில மணி நேரச் சோதனையிலேயே அதன் பாதுகாப்பு சரிந்தது. தரவை மறைக்கத் தவறியதோடு, அதைப் பயன்படுத்துபவர் யார் என்றே காட்டிக்கொடுக்கக்கூடிய நிலையில் அது இருந்தது. சோதனைக்கென்று கொடுத்த பிரதிகள், கொடுத்தவர்களின் கணக்கைத் தாண்டியும் கைமாறியிருந்தன. உடனே பயன்பாட்டை நிறுத்தச் சொல்லி எச்சரிக்கைகள் வெளியாயின. முதன்மை நிரலாளர் பதவி விலகினார். திட்டம் மூடப்பட்டது.

தடையைத் தாண்ட உதவுவது சரியா என்ற கேள்வியைப் பலரும் அரசா, தனிமனிதனா என்ற வாதமாக நடத்துகிறார்கள். அந்த வாதத்துக்கு ஓரளவு தெளிவான விடை ஏற்கெனவே இருக்கிறது. மனித உரிமைகள் பிரகடனத்தின் 19-ஆம் பிரிவு, எல்லைகள் எதையும் பொருட்படுத்தாமல் தகவலைத் தேடவும் பெறவும் பரப்பவும் உரிமை உண்டு என்கிறது. அதே உரிமையைச் சொல்லும் பன்னாட்டு உடன்படிக்கையை ஈரான் 1975-லேயே ஏற்றது. தன் குடிமக்கள் செய்தி படிப்பதை ஓர் அரசு தடுக்கும்போது, அவர்கள் படிக்க வழிசெய்வது தவறாகாது. ஹேஸ்டாக் எழுப்பும் கேள்வி இதைவிடக் கடினமானது. பிழை சான் பிரான்சிஸ்கோவில் நடக்கிறது, கைது தெஹ்ரானில் நடக்கிறது. கருவி செய்தவர் பேரை இழப்பார். பயன்படுத்தியவர் எவின் சிறைக்குப் போவார். அபாயம் முழுவதும் இன்னொருவர் தலையில் விழும் வேலை இது. அதனால் உதவுபவரின் நேர்மை அவருடைய நோக்கத்தில் தெரிவதைவிட, கருவி அனுப்பும் முதல் பாக்கெட்டில், அதாவது முதல் தரவுத் துண்டில்தான் தெளிவாகத் தெரிகிறது.

கம்பியில் என்ன தெரிகிறது

தெஹ்ரானில் ஒருவர் தடைசெய்த தளம் ஒன்றின் பெயரை பிரவுசரில் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்டு ஒரு டிஎன்எஸ் கேள்வி கிளம்பும். வழக்கமாக அதற்கு மறையாக்கம் கிடையாது. நடுவில் இருக்கும் வடிகட்டி அந்தப் பெயரைப் பார்த்ததும், உண்மையான விடை வந்து சேருமுன் 10.10.34.34 அல்லது அதை ஒட்டிய முகவரி ஒன்றை விடையாகத் திணித்துவிடும். 10-ல் தொடங்கும் முகவரிகள் உள் நெட்வொர்க்குகளுக்கு உரியவை. வெளி இணையத்தில் அப்படி ஒரு சர்வரே இருக்க முடியாது. இந்தக் கட்டத்தைத் தாண்டுவது எளிது. டிஎன்எஸ் கேள்வியை மறையாக்கம் செய்து அனுப்பினால் போதும்.

அடுத்த கட்டத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். பிரவுசரில் பூட்டுச் சின்னம் தெரிகிற இணைப்பானாலும், பூட்டு விழுமுன் ஒரு செய்தி திறந்த கடிதமாகப் போகிறது. அதன் பெயர் கிளையன்ட் ஹலோ. எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது அதில் எஸ்என்ஐ என்ற இடத்தில் எழுத்தெழுத்தாக இருக்கும். அதே செய்தியில் அந்த மென்பொருள் ஏற்கும் மறையாக்க முறைகளின் பட்டியலும் நீட்சிகள் எனப்படும் கூடுதல் குறிப்புகளும் இருக்கும். குரோமின் பட்டியல் ஒரு மாதிரி, ஃபயர்ஃபாக்ஸின் பட்டியல் வேறு மாதிரி. கோ (Go) என்ற நிரல்மொழியின் சொந்த நூலகத்தை வைத்து எழுதிய செயலியின் பட்டியல் இரண்டோடும் சேராது. தளத்தின் பெயரை எவ்வளவு நன்றாக மறைத்தாலும், 'இது பிரவுசர் இல்லை' என்று இந்தப் பட்டியல் சொல்லிவிடும். இதைத்தான் கைரேகை என்கிறார்கள்.

2022-ல் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். ஹிஜாப் விதியை மீறியதாகப் போலீஸ் பிடித்துச் சென்ற மஹ்சா அமினி செப்டம்பர் 16-ல் இறந்தார். 21-ஆம் தேதி இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. அடையாளத்தை மறைத்து இணையத்தில் உலவ உதவும் டோர் திட்டத்தின் ஸ்னோஃபிளேக் கருவிக்கு ஈரானியர்கள் பெருந்திரளாக வந்தார்கள். அதன் ஏற்பாடு இது: வெளிநாட்டில் யாரோ ஒருவர் தம் பிரவுசரில் ஓர் எக்ஸ்டென்ஷனைப் போட்டு வைத்திருப்பார். வீடியோ அழைப்புகளுக்குப் பயன்படும் வெப்ஆர்டிசி முறையில் தடைக்குள் இருப்பவரின் தரவு அந்தத் தன்னார்வலரின் பிரவுசர் வழியாக டோர் நெட்வொர்க்குக்குள் நுழையும். முகவரிகள் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொன்றாகத் தடுத்து மாளாது. ஆனால் அக்டோபர் தொடக்கத்தில் ஈரானியப் பயனர் எண்ணிக்கை திடீரென்று விழுந்தது. தன்னார்வலரைத் தேடிக் கொடுக்கும் இடைத்தரகு சர்வரோடு பேசும்போது அந்தச் செயலி கோ நூலகத்தின் கைரேகையைக் காட்டிக்கொண்டிருந்தது. வடிகட்டி அதை அடையாளம் வைத்துப் பிடித்தது. பிரவுசரின் கைரேகையைப் போலி செய்யும் யூடிஎல்எஸ் நூலகத்தைச் சேர்த்து அனுப்பிய பிறகுதான் எண்ணிக்கை மீண்டது. அதற்கு முன், 2021 டிசம்பரில் ரஷ்யா ஸ்னோஃபிளேக்கைப் பிடித்தது வேறோர் இடத்தில். மறையாக்கத்தைத் தொடங்க இரு பக்கமும் பேசிக்கொள்ளும் வெப்ஆர்டிசியின் டிடிஎல்எஸ் கைகுலுக்கலில், சர்வர் அனுப்பும் பதிலில் இருக்கக்கூடாத ஒரே ஒரு நீட்சி இருந்தது. அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

சீனாவின் அணுகுமுறை இன்னும் நுட்பமானது. எந்த நெறிமுறையின் சாயலும் இல்லாமல் முழுவதும் சீரற்ற எண்களாகத் தெரியும் தரவைத் தடுப்பது எப்படி? 2021 நவம்பர் முதல் அங்கே நடைமுறைக்கு வந்த விதிகளை ஆய்வாளர்கள் வெளியிலிருந்து சோதித்தே கண்டுபிடித்தார்கள். ஒரு பைட்டில் 8 பிட்டுகள், ஒவ்வொன்றும் 0 அல்லது 1. நன்றாக மறையாக்கம் செய்த தரவில் சராசரியாக 4 பிட்டுகள் 1 என்று இருக்கும். அவர்கள் கண்டபடி, முதல் பாக்கெட்டில் அந்தச் சராசரி 3.4-க்குக் கீழோ 4.6-க்கு மேலோ இருந்தால் வடிகட்டி விட்டுவிடும். முதல் 6 பைட்டுகளும் அச்சிடக்கூடிய எழுத்துகளாக இருந்தாலும், மொத்தத்தில் பாதிக்கு மேல் அப்படி இருந்தாலும், தொடர்ந்து 20-க்கு மேல் அப்படி இருந்தாலும் விட்டுவிடும். டிஎல்எஸ், ஹெச்டிடிபி என்ற வழக்கமான இணைய நெறிமுறைகள் போலத் தொடங்கினாலும் விட்டுவிடும். மிஞ்சுவதைத் தடுக்கும். ஒருமுறை தடுத்தால் அதே சர்வருக்கான இணைப்பு 180 விநாடிகளுக்கு முடங்கும். எனவே முதல் 6 பைட்டுகளை எழுத்துகளாக மாற்றினாலே வழி திறந்துகொண்டது. கண்டுபிடித்தவர்கள் இதை 2023-ல் கட்டுரையாக வெளியிடுமுன் கருவி செய்பவர்களிடம் தனியாகச் சொல்லி, மாற்றம் பயனர்களைச் சேர வழிசெய்தார்கள். முதலில் உலகுக்கு அறிவித்துப் பெயர் வாங்கியிருக்கலாம். வரிசையை மாற்றியதில்தான் அவர்கள் பொறுப்பைக் காட்டினார்கள்.

மூலநிரலை மறைத்தால்தான் பாதுகாப்பு என்ற ஹேஸ்டாக் வாதம் ஏன் நிற்காது என்பதும் இங்கிருந்து விளங்கும். தணிக்கையாளருக்கு நிரல் தேவையே இல்லை. கம்பியில் ஓடுவது அவர் கண்முன் ஓடுகிறது. நிரலை மறைப்பதால் குருடாவது, பிழையைச் சொல்லக்கூடிய நண்பர்கள் மட்டுமே.

பத்து நண்பர்களுக்கு ஒரு சர்வர்

நல்ல மனத்தோடு செய்யும் உதவிகளில் மிகச் சாதாரணமானது, மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, அதில் விபிஎன் நிறுவி, தெரிந்தவர்களுக்கு இணைப்புக் குறியீட்டை அனுப்புவது. வேகமாக இருக்கும், பொதுவில் அறிவிக்காததால் சீக்கிரம் தடுக்கவும்படாது. இதன் ஆபத்து வேறு வகை. உலகில் வேறு யாரும் தொடாத ஒரு முகவரியை அந்த நாட்டில் பத்துப் பேர் மட்டும் தினமும் தொடுகிறார்கள். அவர்களில் ஒருவர் வேறு ஏதோ காரணத்துக்காகப் பிடிபட்டு, அவருடைய போனில் அந்த முகவரி கிடைத்தால், இணைய சேவை நிறுவனத்தின் பதிவில் தேடி மற்ற ஒன்பது பேரையும் எடுத்துவிடலாம். உதவியாகக் கொடுத்த சர்வரே அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலாகிவிடும். கூட்டம் பெரிதாக உள்ள சேவையில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் அந்தச் சேவையின் முகவரி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சீக்கிரம் தடுக்கப்படும். இரண்டுக்கும் நடுவே எல்லோருக்கும் பொருந்தும் ஒரு புள்ளி கிடையாது. சினிமாப் பாட்டுக் கேட்க வேண்டிய கல்லூரி மாணவருக்குப் பொருந்துவது, போராட்டக் குழுவை ஒருங்கிணைப்பவருக்குப் பொருந்தாது. கொடுப்பவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி, 'உங்களை யாராவது தேடுகிறார்களா?' என்பதே.

தடையைத் தாண்டுவதும் அடையாளத்தை மறைப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். விபிஎன் முதலாவதைச் செய்யும். நீங்கள் யார், எங்கே போனீர்கள் என்பது விபிஎன் நடத்துபவருக்குத் தெரியும். எதையும் பதிவு செய்வதில்லை என்று விளம்பரம் செய்த ஹாங்காங் சார்ந்த ஏழு விபிஎன்களின் பயனர் பதிவுகள் 1.2 டெராபைட் அளவுக்குத் திறந்து கிடந்ததை 2020 ஜூலையில் ஆய்வாளர்கள் கண்டார்கள். டெலிகிராம் சேனல்களில் இலவசமாகக் கிடைக்கும் இணைப்புக் குறியீடுகளை யார் வேண்டுமானாலும் போடலாம். தணிக்கை செய்பவரே ஒரு சர்வரை வைத்துக் குறியீட்டைப் பரப்பினால், மக்கள் தாமாகவே வந்து மாட்டுவார்கள்.

சர்வர் முகவரியை எப்படிப் பகிர்வது என்பதிலும் ஒழுங்கு தேவை. 2021-ல் ஈரான் சிக்னல் செயலியைத் தடுத்தபோது, ஒரு டொமைன் பெயரும் 80, 443 போர்ட்டுகள் காலியாக உள்ள ஒரு சர்வரும் இருந்தால் யாரும் ப்ராக்ஸி நடத்தலாம் என்று சிக்னல் வழிமுறை வெளியிட்டது. கூடவே, முகவரியைப் பொதுவில் போடாதீர்கள், 'ப்ராக்ஸி நடத்துகிறேன், தனிச்செய்தியில் கேளுங்கள்' என்று மட்டும் எழுதுங்கள் என்றும் சொன்னது. பொதுவில் போட்ட முகவரியை வடிகட்டி நடத்துபவர் அன்றே எடுத்துக்கொள்வார். தனிச்செய்தியில் கேட்பவர்களிலும் அவர் இருப்பார் என்பதால், ஒரே முகவரியை எல்லோருக்கும் கொடுக்காமல் பிரித்துக் கொடுக்கவேண்டும். டோர் தன் பிரிட்ஜ் முகவரிகளை, அதாவது பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவு சர்வர்களின் முகவரிகளை, மின்னஞ்சல் வழியாகச் சிலவும் தானாகப் பதில் தரும் அரட்டைக் கணக்கு (bot) வழியாகச் சிலவுமாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பது இதனால்தான்.

இந்தியாவில் இருந்து உதவ நினைப்பவர் தம் நிலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவின்படி, டேட்டா சென்டர், வாடகை சர்வர், விபிஎன் சேவை நடத்துபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி போன்ற விவரங்களை ஐந்தாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். பெரிய விபிஎன் நிறுவனங்கள் சில தம் சர்வர்களையே இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டன. சொந்த சர்வரில் விபிஎன் நடத்தினால், அதன் வழியே யார் என்ன செய்தாலும் வெளியே தெரிவது உங்கள் முகவரி. ஸ்னோஃபிளேக் எக்ஸ்டென்ஷனில் இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் பிரவுசரைத் தாண்டி இன்னும் மூன்று கண்ணிகளுக்குப் பிறகே தரவு வெளியேறுகிறது, தளங்களுக்கு உங்கள் முகவரி தெரியாது. செலவாவது உங்கள் டேட்டா மட்டும். முதன்முறை உதவ விரும்பும் தமிழ் வாசகருக்கு இதையே பரிந்துரைப்பது சரி.

கேட்காமல் சேர்த்துக்கொள்வது

சம்மதம் பற்றிய விவாதத்தை 2015-ல் சூடாக்கியது என்கோர் என்ற ஆய்வு. சாம் பர்னட், நிக் ஃபீம்ஸ்டர் இருவரும் செய்தது. உலகில் எங்கே எந்தத் தளம் தடைசெய்யப்பட்டிருக்கிறது என்று அளப்பது நோக்கம். வழி இது: ஒத்துழைக்கும் இணையதளங்களில் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட். அந்தத் தளத்துக்கு வருபவரின் பிரவுசர், வந்தவருக்குத் தெரியாமலே, தடைசெய்யப்பட்டிருக்கக்கூடிய வேறொரு தளத்திலிருந்து ஒரு சிறு படத்தைக் கேட்டுப் பார்க்கும். வந்ததா இல்லையா என்பது அளவீடு. கம்பியைப் பார்ப்பவருக்கோ அந்த மனிதரே தடைசெய்த தளத்துக்குப் போக முயன்றதாகத் தெரியும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுக்கள் இது மனிதர்கள் மீதான ஆய்வே அல்ல என்று ஒதுங்கிக்கொண்டன. லண்டனில் நடந்த, கணினி நெட்வொர்க் ஆய்வுக்கான சிக்காம் மாநாடு கட்டுரையை ஏற்றது, ஆனால் நெறிமுறை குறித்த தன் கவலையைக் கட்டுரையின் முகப்பிலேயே அச்சிட்டது. ஆய்வாளர்களும் இடையில் பட்டியலைச் சுருக்கி, ஃபேஸ்புக், யூடியூப், ட்விட்டர் போல எல்லாப் பக்கங்களிலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் தளங்களோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அதே அளவீட்டை ஊனி திட்டம் வேறு மாதிரி செய்கிறது. செயலியைத் திறந்ததும், உங்கள் இணைப்பைக் கவனிப்பவர்களுக்கு நீங்கள் இதை இயக்குவது தெரியும், முடிவுகள் பொதுவில் வெளியாகும் என்று சொல்லி, புரிந்ததா என்று சின்னக் கேள்விகளும் கேட்கிறது. சரியாகப் பதில் சொன்ன பிறகே வேலை தொடங்கும். இதனால் அளவீடு குறையும். குறைந்தாலும் இதுவே சரி. சிறைக்குப் போகக்கூடியவரிடம் முதலில் கேட்டாக வேண்டும்.

சம்மதம் கேட்கப்படாத இன்னொரு கூட்டமும் உண்டு. டொமைன் ஃப்ரண்டிங் என்ற உத்தியில், வெளியே தெரியும் பெயர் பெரிய நிறுவனம் ஒன்றுடையது, உள்ளே போவது தடைசெய்த சேவைக்கு. தடுக்க வேண்டுமானால் அந்த நிறுவனத்தையே தடுக்க வேண்டியிருக்கும், அதற்கு அரசு துணியாது என்பது கணக்கு. 2018 ஏப்ரலில் ரஷ்யா துணிந்தது. டெலிகிராம் அமேசான், கூகுள் முகவரிகளில் ஒதுங்கியபோது, 1.8 கோடி அளவுக்கு முகவரிகளை ரஷ்யத் தணிக்கை அமைப்பான ரோஸ்கோம்நாட்ஸோர் தடுத்தது. டெலிகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. சம்பந்தமே இல்லாத கடைகளும் விளையாட்டுச் சேவைகளும் விழுந்தன. 2020 ஜூன் 18-ல் தடையை நீக்கினார்கள். கூகுளும் அமேசானும் 2018-லேயே ஃப்ரண்டிங்கை நிறுத்திவிட்டன. ஈரானியருக்கு கூகுள் வழி அதற்கு முன்பும் திறக்கவில்லை. அமெரிக்கத் தடைச்சட்டத்தைக் காட்டி, ஃப்ரண்டிங்குக்குப் பயன்பட்ட கூகுள் ஆப் எஞ்சின் சேவையை ஈரானுக்கு நிறுவனமே மறுத்துவந்தது. ஈரானியருக்கு இணையச் சேவைகள் தர அமெரிக்க அரசு அனுமதிக்கும் உரிமம் விரிவானது 2022 செப்டம்பர் 23-ல்தான், அதுவும் தெருவில் உயிர்கள் போன பிறகு.

இலங்கை கேட்ட கடினமான கேள்வி

தடைக்கு ஆதரவாக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது, கலவர நேரத்துத் தடை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. வெறுப்புப் பதிவுகள் ஃபேஸ்புக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. அரசு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை ஒரு வாரம் முடக்கியது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் ஏப்ரல் 30 வரை மீண்டும் முடக்கம், சில விபிஎன்களும் சேர்த்துத் தடுக்கப்பட்டன. அந்த நாட்களில் ஒருவருக்கு விபிஎன் கொடுப்பது கும்பலுக்கும் கொடுப்பதுதானே?

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் தடை யாரை நிறுத்துகிறது என்று பார்க்கவேண்டும். திட்டமிட்டுத் திரளும் கும்பல் முதல் மணி நேரத்திலேயே விபிஎன் போட்டுவிடும். ஊரில் என்ன நடக்கிறது என்று கேட்டு அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அழைக்க முயலும் பெண்ணுக்கு விபிஎன் என்றால் என்னவென்று தெரியாது. வதந்தியை மறுக்கும் பள்ளிவாசல் நிர்வாகியும் செய்தியாளரும் அவள் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். அதே அதிகாரம் அடுத்து எதற்குப் பயன்பட்டது என்பதும் பதிவில் இருக்கிறது. 2022 ஏப்ரல் 3-ல், இனக்கலவரம் ஏதுமில்லாமல், கோத்தாபய அரசுக்கு எதிரான போராட்டம் அறிவிக்கப்பட்டிருந்த நாளில், பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கையின் பேரில் சமூக வலைத்தளங்கள் சுமார் 15 மணி நேரம் முடக்கப்பட்டன. அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ச, தாமும் விபிஎன் வழியாகத்தான் எழுதுவதாகவும் இத்தகைய தடைகளால் பயனில்லை என்றும் அன்றே ட்விட்டரில் பதிந்தார்.

ஆகவே கலவர நேரத்தில் உதவ நினைப்பவர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கதவைத் திறப்பதைவிட, செய்தி சேகரிப்பவர்கள், மருத்துவக் குழுக்கள், தாக்கப்படும் பகுதியில் உள்ள குடும்பங்கள் என்று தெரிந்தவர்களிடம் தொடங்குவது நியாயம். அதையும் தடை வருமுன் செய்யவேண்டும். தடை விழுந்த பிறகு செயலியைத் தேடி இறக்குபவர், கைக்குக் கிடைக்கும் எதையும் நிறுவிவிடுவார். போனில் செயலி இருப்பதே குற்றமாகப் பார்க்கப்படும் இடங்களும் உண்டு. 2020 பிப்ரவரியில் காஷ்மீரில், தடையை மீறி விபிஎன் வழியே சமூக வலைத்தளங்களைப் பயன்படுத்தியவர்கள்மீது சைபர் போலீஸ் வழக்குப் பதிந்தது. அப்படிப்பட்ட ஊரில், வேலை முடிந்ததும் செயலியை நீக்குவது எப்படி, சோதனைச் சாவடியில் போனைக் கேட்டால் என்ன தெரியும் என்பவற்றையும் சேர்த்துச் சொல்லாத உதவி பாதி உதவிதான்.

இணையத்தையே மொத்தமாக அணைத்துவிட்டால் மேலே சொன்ன எந்தக் கருவியும் ஓடாது. 2019 நவம்பரில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து ஈரானில் போராட்டம் எழுந்தபோது, சுமார் ஒரு வாரத்துக்கு வெளி இணைப்பு வழக்கமான அளவில் 5 சதவீதத்துக்கு இறங்கியது. அப்படிப்பட்ட நாட்களில் கைகொடுக்கக்கூடிய ஏற்பாடாக உருவாக்கப்பட்டது தூஷே. வீட்டு டிஷ் ஆன்டெனாவை ஒரு குறிப்பிட்ட செயற்கைக்கோளுக்குத் திருப்பி, செட்டாப் பாக்ஸில் யுஎஸ்பி குச்சியைச் செருகி, படமே தெரியாத ஒரு சேனலைப் பதிவு செய்யவேண்டும். பிறகு அந்தப் பதிவுக் கோப்பைக் கணினியில் பிரித்தால் செய்திகள், பாடங்கள், காணொளிகள், தடைதாண்டும் செயலிகளின் புதிய பதிப்புகள் எல்லாம் வெளிவரும். தரவு வானத்திலிருந்து கீழே மட்டும் வருகிறது. வீட்டிலிருந்து ஒரு பாக்கெட்கூட வெளியே போவதில்லை, எனவே பிடிக்க முதல் பாக்கெட்டும் இல்லை, கைரேகையும் இல்லை. பதில் எழுத முடியாது என்பது அதன் குறை. ஈரானில் டிஷ் ஆன்டெனாவே 1990-களின் நடுவிலிருந்து சட்டவிரோதம். ஆனாலும் மொட்டைமாடிகளில் அவை ஏராளமாக இருப்பதால், ஒரு டிஷ்ஷைப் பார்த்து அந்த வீட்டில் இருப்பவர் தூஷே பார்க்கிறாரா தொடர் பார்க்கிறாரா என்று யாராலும் சொல்ல முடியாது.